அக்காவுக்குப் பதிலாக நடந்தவன்

ஆஷ்வெல்டன்
1391 பிப்ரவரி 6

என் அன்புத் தம்பி ஹேமோவுக்கு, அக்கா இடோனியா ஆண்டவர் பேரைச் சொல்லி எழுதுவது. குளிருக்கு விரல்கள் வீங்கியிருப்பது தவிர எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் வயிற்றுவலி எப்படி இருக்கிறது? லண்டன் தெருவில் விற்கிற விலாங்கு மீனைக் கண்டபடி வாங்கித் தின்னாதே.

நான் உள்ளே வந்து ஒன்பது வருடம் முடிந்தது. இந்த அறையின் வாசலைச் சுவர் வைத்து அடைத்த அன்று எனக்கு இறந்தோர் பூசை வைத்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? ஜெர்வேஸ் பாதிரியார் வருடாவருடம் அதே நாளில் அந்தப் பூசையை மறுபடி வைக்கிறார். நானும் கோயில் பக்கத்து ஜன்னல் வழியாக செத்துப்போன எனக்காக நானே வேண்டிக்கொள்கிறேன். ஊருக்கு அதில் பெருமை. சுவருக்குள் ஒரு துறவி இருக்கிற கோயில் சுற்றுவட்டாரத்தில் இது ஒன்றுதானே.

ஒரு விஷயம் மனதை அரிக்கிறது. அம்மா காய்ச்சலில் கிடந்தபோது நான் ஒன்று நேர்ந்துகொண்டேன். ஹோல்மியரில் இருக்கிற புனித எல்வினாவின் கல்லறைக்குச் செருப்பில்லாமல் நடந்து வருகிறேன் என்று. எனக்குப் பதினாறு வயது, உனக்குப் பத்து. அந்த அறையில் வேறு யாரும் இல்லை. அம்மா பிழைத்தாள். நான் போகவில்லை. அதைக் கேட்டவர்களில் உயிரோடு இருப்பவன் நீ ஒருவன்தான். மே மாதம் ஆயரின் விசாரணை அதிகாரி இங்கே வருகிறார். யோசித்துப் பார்.

என் கடிதங்களைப் பாதிரியார் படித்துப் பார்த்துத்தான் அனுப்புகிறார். எழுத்து முத்து முத்தாக இருக்கிறதாம்.

உன் அக்கா,
இடோனியா

*

லண்டன், சதர்க்
பிப்ரவரி 18

பெரியவளும் புண்ணியவதியுமான என் அக்காவுக்குத் தம்பி ஹேமோவின் வணக்கம். வயிறு சுகம். விலாங்கு மீனும் சுகம்.

நானிருக்க நீ இதற்கெல்லாம் கலங்கலாமா? அன்று நீ நேர்ந்தது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. உனக்குப் பதிலாக நானே ஹோல்மியருக்கு நடக்கிறேன்! நோயாளிக்காக மகன் நடக்கிறான், செத்தவனுக்காகக் கூலியாள் நடக்கிறான். அக்காவுக்காகத் தம்பி நடக்கக் கூடாதா? உன் பெயரைச் சொல்லி முட்டிபோட்டு, கோயில் முத்திரைச் சீட்டோடு வருகிறேன். நேர்த்திக்கடன் தீர்ந்தது என்று அதிகாரியிடமே காட்டிவிடலாம்.

வடக்குப் பாதையில் ஒரு கூட்டம் கிளம்புகிறது. ஆகையால் உன் ஊர் வழியாக வர முடியாது, மன்னித்துக்கொள். வழியில் பார்க்கிறவர்களையெல்லாம் பாட்டாக எழுதப்போகிறேன். எழுத்துக்கூடத்தில் பிறர் எழுதியதையே படியெடுத்துப் படியெடுத்து விரல் தேய்ந்துவிட்டது. இது என் சொந்தப் பாட்டு. நீதான் முதலில் சிரிக்க வேண்டும்.

அன்புடன்,
ஹேமோ

*

ஆஷ்வெல்டன்
பிப்ரவரி 26

தம்பிக்கு அக்காவின் ஆசீர். நான் சுகம். நீ சுகமாகவும், இன்னும் வீட்டிலேயும் இருக்க வேண்டும் என்று வேண்டுகிறேன்.

நீ போக வேண்டாம். உன் வயிற்றுக்கு அந்த வழி ஆகாது. நேர்ந்துகொண்ட கால்கள்தான் நடக்க வேண்டும் என்று சில ஆயர்கள் நினைக்கிறார்களாம். எங்கேயோ ஒரு துறவிக்கு அப்படி உத்தரவே வந்ததாம். நான் கேள்விப்பட்டதைத்தான் சொல்கிறேன். நீ மே மாதம் இங்கே வந்து, காதில் விழுந்ததைச் சொன்னால் போதும்.

இதுவரை எழுதியதைப் பாதிரியார் இரண்டு தரம் படித்தார். "உங்க தம்பிக்கு எவ்வளவு நல்ல மனசு! போகட்டும்மா, தடுக்காதீங்க" என்றார்.

அக்கா

*

ஹோல்மியர் பாதையில்
மார்ச் 20

அக்காவுக்கு, பாதம் தேய்ந்த தம்பியின் வணக்கம். உன் கடிதம் நான் கிளம்பிய பிறகுதான் வந்திருக்கிறது. நண்பன் ஒருவன் பின்னாலேயே கொண்டுவந்து கொடுத்தான். பாதி வழி வந்த பிறகு திரும்பினால் புனிதை கோபித்துக்கொள்வாள்.

எங்கள் கூட்டத்தைக் கேள். முதலில் ஒரு வக்கீலின் மனைவி. நடந்தே வருவதாக நேர்ந்தவள், பல்லக்கில் வருகிறாள். மைலுக்கு ஒருமுறை பல்லக்கை இறக்கச் சொல்லி ஒரு காலை மட்டும் தரையில் வைத்து எடுக்கிறாள்.

நடந்து வருவேன் என்று நேர்ந்தாள் வக்கீல் பெண்டாட்டி;
நடக்கிறார்கள் நாலு பேர், அவளைத் தூக்கிக் காட்டி!

அப்புறம் ஒரு கொழுத்த துறவி. தவக்காலம், இறைச்சி ஆகாது. மனுஷன் முழு வாத்தைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார். "என்ன சாமி இது?" என்றேன். "கடல்ல மிதக்கிற கட்டையில பொறந்த வாத்துப்பா. அப்போ இது மீன்தானே? நீ படிச்சவன், உனக்குத் தெரியாதா?" என்கிறார். "அப்போ கடல்ல விழுந்த பன்னி?" என்று கேட்டேன். அதை யோசித்துப் பார்க்கிறேன் என்றார்.

தொப்பி நிறைய தகர முத்திரைகளை மாட்டிக்கொண்டு ஒருவன் வருகிறான். போகாத திருத்தலம் இல்லையாம். தலை ஆட்டினால் சமையலறை சரிந்த சத்தம். நேற்று வேல் ஆற்று மரப்பாலத்தில் எதிரே வந்த மந்தைக்கு இவன் சத்தத்தில் மிரட்சி. ஆடுகள் பல்லக்குக்குள் ஏறிவிட்டன. வக்கீல் மனைவி அந்த ஒரு பாலத்தை மட்டும் ஓடியே கடந்தாள்.

ஜன்னலில் உட்கார்ந்து சத்தமாகச் சிரி. பாதிரியார் கேட்டால் வேதாகமம் படிப்பதாகச் சொல்.

ஹேமோ

*

சதர்க்
ஏப்ரல் 30

அக்காவுக்கு வணக்கம். வேலை முடிந்தது! இத்துடன் புனித எல்வினாவின் தகர முத்திரையும், "இடோனியாவின் நேர்த்திக்கடன் முறைப்படி நிறைவேறியது" என்ற கோயில் சீட்டும் இருக்கின்றன. முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டது. ஆனால் உனக்காகத்தானே.

பாட்டில் இன்னொருவன் சேர்ந்திருக்கிறான். கூலிக்கு யாத்திரை போகிறவன். எங்களோடு கிளம்ப வேண்டியவன், சத்திரத்து அடுப்படியை விட்டே எழவில்லை.

அடுத்தவர் கடனைத் தோளில் ஏற்றி ஊன்றுகோலும் எடுத்தான்;
வாசல் தாண்டும் முன்னே தூறல். வந்து மறுபடி படுத்தான்!

சத்திரத்தில் இதைப் பாடிக் காட்டினேன். சிரித்துச் சிரித்து ஒருவன் பெஞ்சிலிருந்தே விழுந்தான். ஒரு பிரபு வீட்டு நிர்வாகி அங்கே இருந்தார். "முழுசா எழுதி முடிப்பா, எங்க வீட்டு விருந்துல பாடலாம்" என்கிறார். அக்கா, எனக்கு நல்ல காலம் பிறக்கும்போல இருக்கிறது.

அன்புடன்,
ஹேமோ

*

ஆஷ்வெல்டன்
மே 21

அன்புள்ள தம்பிக்கு ஆசீர். நான் சுகம். உன் சுகத்துக்கு வேண்டுகிறேன்.

நீ அனுப்பியவை வந்து சேர்ந்தன. முத்திரையைப் பாதிரியார் பீடத்தருகே தொங்கவிட்டிருக்கிறார். சீட்டைப் பிரசங்கத்தில் படித்தார். நேற்று முன்தினம் ஆயரின் அதிகாரி வந்தார். சீட்டை விளக்குக்கு அருகே பிடித்துப் பார்த்தார். "ரொம்ப சந்தோஷம்மா. இனிமே உங்களுக்கு வெளி உலகத்துல ஒரு பாக்கியும் இல்ல" என்றார்.

நன்றி, தம்பி. எலிகள் தொல்லை. பூனை இளைத்திருக்கிறது. வேறு விசேஷம் இல்லை.

அக்கா

*

ஆஷ்வெல்டன்
ஜூன் 18

ஹேமோ,

இதைப் பாதிரியார் படிக்கவில்லை. ஹோல்மியர் போய்த் திரும்புகிற ஒரு விதவையம்மாள் தலைத்துணிக்குள் மடித்து வைத்துக் கொண்டுவருகிறாள். அவள் செப்டம்பர் கடைசியில் மறுபடி இந்தப் பக்கம் வருவாள். பதிலை அவளிடம் கொடு.

வேல் ஆற்றுப் பாலம் ஜனவரி வெள்ளத்தில் போய்விட்டதடா. வடக்குப் பாதையும் இந்தப் பாதையும் அங்கேதான் சேர்கின்றன. ஐந்து மாதமாக என் ஜன்னலுக்கு வருகிற ஒவ்வொருவரும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்ததைச் சொல்லிப் புலம்புகிறார்கள். நீ மட்டும் மார்ச்சில் அதே பாலத்தில் ஆடு மேய்த்திருக்கிறாய். அந்தக் கடிதத்தைப் படித்த அன்றே தெரிந்துவிட்டது, நீ சதர்க் சத்திரத்தை விட்டு நகரவில்லை என்று. அடுப்படியில் படுத்துக் கிடந்த அந்தக் கூலி யாத்திரிகனை உனக்கு நன்றாகவே தெரியும். சீட்டும் உன் கைவேலைதான். படியெடுக்கிறவனுக்கு அது பெரிய வித்தையா?

தெரிந்தும் சிரித்தேன். உன் பொய்யில் கூட ஒரு பாதை இருந்தது, சேறு இருந்தது, ஆடு இருந்தது. அந்தக் கடிதத்தை நாற்பது தரம் படித்திருப்பேன். பாலம் வருகிற இடத்தை மட்டும் விட்டுவிட்டு ஊருக்கு வாசித்தும் காட்டினேன். அதுதான் நான் செய்த தப்பு. அப்போதே உன்னைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும். நீயே உண்மையைச் சொல்லிவிடுவாய் என்று நம்பினேன். சீட்டு வந்தது.

இப்போது நேராகவே எழுதுகிறேன். நான் வெளியே வர வேண்டும், ஹேமோ. பத்தொன்பது வயதில் எனக்குத் தெரியாது. தெரியும் என்று நினைத்தேன். சுவரிலிருந்து சுவருக்கு ஆறு அடி. மூலையில் என்னைப் புதைப்பதற்கான குழி தயாராக இருக்கிறது. அதிலிருந்து தினமும் கையால் கொஞ்சம் மண் அள்ளி வெளியே போட வேண்டும் என்பது விதி. அனுமதியில்லாமல் சுவரைத் தாண்டினால் கோயிலே என்னைச் சபித்துத் தள்ளிவிடும், ஒருவரும் ஒருவாய்த் தண்ணீர் தரமாட்டார்கள். தீராத நேர்த்திக்கடன் ஒன்றுதான் எனக்கு இருந்த வாசல். அதை நீ தீர்த்து வைத்துவிட்டாய், போகாமலேயே.

நீ அதிகாரியிடம் போய் உண்மையைச் சொன்னால் வாசல் மறுபடி திறக்கும்.

கால் வலித்தவன் அடுத்தவன் நடையைப் பார்த்துச் சிரிக்கமாட்டான். உன் பாட்டில் ஒருத்தருக்கும் கால் வலிக்கவில்லை. இதையும் உன் அக்கா சொல்லாமல் வேறு யார் சொல்வது?

இடோனியா

*

சதர்க்
செப்டம்பர் 30

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்கு வணக்கம். மழையில் இருமல். மற்றபடி சுகம். உன் பூனை தேறிவிட்டதா?

விதவையம்மாள் வாசலில் நின்று அவசரப்படுத்துகிறாள். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். கிளம்பத்தான் நினைத்தேன், சத்தியமாக. முதல் நாள் மழை, இரண்டாம் நாள் பாட்டு வந்துவிட்டது. அப்புறம் வெட்கம். கிறிஸ்துமஸ் விருந்தில் பிரபு வீட்டில் பாட்டு அரங்கேறுகிறது. பிடித்துப்போனால் அந்த வீட்டிலேயே எழுத்தர் வேலை. போலி யாத்திரிகர்களைக் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறான் பையன் என்று எல்லாரும் தட்டிக்கொடுக்கிறார்கள். இந்த நேரத்தில் அந்தப் பையனே போலி என்று நானே போய்ச் சொன்னால் என்ன ஆவேன்? கோயில் முத்திரையைப் போட்டு எழுதியது சின்னக் குற்றமா?

விருந்து முடியட்டும். ஏதாவது வழி பார்ப்போம். நீ அங்கே பத்திரமாகத்தானே இருக்கிறாய்.

ஹேமோ

*

ஆஷ்வெல்டன்
அக்டோபர் 20

தம்பிக்கு ஆசீர். நான் பத்திரமாக இருக்கிறேன். பூனை செத்துவிட்டது. குழியில்தான் போட்டேன்.

இடோனியா

*

சதர்க்
டிசம்பர் 28

அக்காவுக்கு.

உன் இரண்டு வரிக் கடிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டுதான் விருந்துக்குப் போனேன். பிரபு வீட்டு மேசையில் யார் இருந்தார் தெரியுமா? ஆயரின் விசாரணை அதிகாரி. அதே ஆள். விருந்தாளியாக வந்திருந்தார்.

பாடினேன். வக்கீல் மனைவிக்குச் சிரித்தார்கள், வாத்துத் துறவிக்கு மேசையைத் தட்டினார்கள். கூலி யாத்திரிகன் வந்ததும் அதிகாரிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. வாயைத் துடைத்துக்கொண்டே, "யாருய்யா அந்தச் சோம்பேறி? எங்கதான் புடிச்ச? பேரச் சொல்லு, கூப்பிட்டு விசாரிக்கிறேன்!" என்றார். வேடிக்கைக்குத்தான் கேட்டார்.

"ஹேமோ தர்லோ" என்றேன்.

"அது உன் பேருதானப்பா?"

"ஆமாங்க. நான்தாங்க. எங்க அக்காவுக்காகப் போறேன்னு சொல்லிட்டுப் போகல. நீங்க மே மாசம் வெளக்குல வச்சுப் பார்த்தீங்களே, அந்தச் சீட்டும் நான் எழுதினதுதான்."

அதற்கு மேல் யாரும் சிரிக்கவில்லை. நிர்வாகி என் கையிலிருந்த தாள்களை வாங்கி அடுப்பில் போட்டார். எனக்குப் படி வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. ஊருக்கே படியெடுத்தவன்!

மறுநாள் ஆயர் முன் நிறுத்தினார்கள். அம்மாவின் கட்டிலருகே நீ சொன்னதை வார்த்தை மாறாமல் சொன்னேன். தீர்ப்பு இதுதான். நேர்த்திக்கடன் இன்னும் நிற்கிறது. குளிர் போனதும் சுவரைத் திறப்பார்கள். உனக்கு நாற்பது நாள். ஹோல்மியருக்கு நடந்து போய், நடந்தே திரும்பி, மறுபடி உள்ளே வர வேண்டும். எமட் என்ற ஒரு நல்ல பெண்மணியைத் துணைக்கு அனுப்புவார்கள்.

எனக்குச் சின்னத் தண்டனைதான். மூன்று ஞாயிறு கோயிலில் வெறும் சட்டையோடு மெழுகுவர்த்தி பிடித்து நிற்க வேண்டும். வேறு சில்லறை விஷயங்களும் உண்டு. அதெல்லாம் உனக்கு எதற்கு?

நட, அக்கா.

ஹேமோ

*

ஹோல்மியர்
1392 மே 24

என் தம்பிக்கு, வெயில் பட்டு மூக்குத் தோலுரிந்த அக்கா எழுதுவது. நான் சுகம். கால் இரண்டும் புண். எத்தனை சுகம் என்று உனக்குச் சொல்லி மாளாது.

மே ஐந்தாம் தேதி சுவரை இடித்தார்கள். நீ கூட்டத்தில் இருப்பாய் என்று தேடினேன். இல்லை. பாதிரியார் அழுதார். இடித்த கற்களை மறுபடி கட்டுவதற்கு ஒழுங்காக அடுக்கி வைக்கச் சொல்லிக்கொண்டே அழுதார்.

முதல் நாள் நடக்கத் தெரியவில்லை. ஆறு அடி வைத்ததும் கால் தானாகத் திரும்பிவிடுகிறது. எமட் பார்த்துவிட்டு, "என்னம்மா, எதையாச்சும் மறந்து வச்சிட்டீங்களா?" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏழுன்னு சொல்லுங்கம்மா. சொல்லிட்டு வைங்க." மூன்று நாள் அப்படித்தான் வந்தோம், ஏழு, எட்டு என்று சொல்லிக்கொண்டே.

உன் பாட்டைப் பொய்யென்று திட்டினேன். ஆனால் வேல் ஆற்றங்கரையில் நிஜமாகவே ஒரு பல்லக்கு வந்தது. உள்ளே இருந்தவள் ஒற்றைக் கால் எல்லாம் வைக்கவில்லை. அவளுக்கு நடக்கவே வராதாம், பிறவியிலிருந்தே. தூக்கி வந்த நால்வரும் அண்ணன்மார். ஆற்றில் இறங்கும்போது அவள் பாடினாள், அவர்கள் கெட்ட வார்த்தையில் ஆற்றைத் திட்டினார்கள். நான் சிரித்து அழுதேன். நீ இங்கே இருந்திருக்க வேண்டும்.

நேற்று கல்லறையைத் தொட்டேன். நேர்த்திக்கடன் தீர்ந்தது. உண்மையாகவே தீர்ந்துவிட்டது என்பதுதான் இப்போது பயமாக இருக்கிறது. வர எனக்குப் பத்தொன்பது நாள் ஆயிற்று, இன்று இருபதாவது நாள். நாளை திரும்பினால்தான் கணக்குச் சரியாக வரும். "கெளம்பலாமாம்மா?" என்று எமட் காலையிலிருந்து மூன்று தரம் கேட்டுவிட்டாள். இன்னும் ஒரு நாள் என்றேன். இங்கே கம்பளி நூற்கிற பெண்கள் இருக்கிறார்கள். ஆள் தேவை என்கிறார்கள். யார் எவர் என்று கேட்பதில்லை.

உன் தண்டனை முடிந்ததா? ஏன் நீ வரவில்லை? இதைக் கொண்டுவருகிற கம்பளி வியாபாரியிடமே பதில் கொடு, குதிரையில் வருகிறவர்.

இடோனியா

*

லண்டன்
ஜூன் 3

என் அக்காவுக்கு ஹேமோவின் வணக்கம். நான் சுகம். வயிறும் சுகம், இங்கே விலாங்கு மீன் கிடைப்பதில்லை.

இந்தக் கடிதம் உன்னை எங்கே பிடிக்கும் என்று தெரியவில்லை. இன்று முப்பதாவது நாள். ஹோல்மியரிலேயே பிடித்தால் உட்கார்ந்து படி. பாதி வழியில் பிடித்தால் அங்கேயே நின்று படி.

சில்லறை விஷயங்கள் என்று எழுதினேனே, அதைச் சொல்கிறேன். ஒருமுறை உண்மையை மறைத்து உன்னை உள்ளே அடைத்தேன். இப்போது மறைத்து உன்னை வெளியே வைத்தாலும் அதுவும் பொய்தான். நீ திரும்பி வருவாய் என்பதற்கு ஆயர் ஒரு பிணை கேட்டார். பணம் பேசுகிறவர் இல்லை, ஆளைக் கேட்டார். நான் நின்றேன். உன் சுவரை இடிப்பதற்கு முந்தின நாள் என்னைச் சிறைக்குள் வைத்தார்கள். அதனால்தான் கூட்டத்தில் இல்லை. நீ நாற்பதாவது நாள் திரும்பினால் அன்றே என்னை விடுவார்கள். திரும்பாவிட்டால் எனக்கு ஒரு வருடமும் ஒரு நாளும். அதற்கு மேல் இல்லை. எழுதி முத்திரை போட்ட கட்டளை, அசல் முத்திரை, நான் நன்றாகப் பார்த்துவிட்டேன்.

அறை நான்கு அடி. உன்னுடையதைவிட இரண்டு அடி குறைவு. சாப்பாடு ஒரு சின்ன ஜன்னல் வழியாக வருகிறது. முதல் வாரம் சுவரில் தலையை முட்டிக்கொண்டேன். காவல்காரர், "என்ன தம்பி, பாட்டுக்காரனாமே நீ? ஒண்ணு பாடேன்" என்றார். பழைய பாட்டு வாயில் வரவில்லை. எல்லாரும் இப்போது எனக்குக் கால் வலியோடு தெரிகிறார்கள். அவர்களை வைத்துப் புதிதாக ஆரம்பித்திருக்கிறேன். உன் பல்லக்குப் பெண்ணும் அந்த நான்கு அண்ணன்மாரும் முதலில் வருகிறார்கள். ஆற்றை என்ன சொல்லித் திட்டினார்கள் என்று எழுது.

நீ திரும்பு என்றும் சொல்லவில்லை, திரும்பாதே என்றும் சொல்லவில்லை. நேர்த்திக்கடன் தீர்ந்துவிட்டது. மீதி உன் இஷ்டம். நீ பத்து வருடம் இருந்தாய், என்னால் ஒரு வருடம் முடியாதா?

ஒன்று மட்டும் தெரிந்துகொள், அக்கா. இந்த முறை உனக்குப் பதிலாக நான் உண்மையாகவே போயிருக்கிறேன்.

உன் தம்பி,
ஹேமோ